சமுதாய வானொலிக்கு வாராந்திர நிகழ்ச்சி நிரல் அமைப்பது எப்படி?

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. உரிமம் கைக்கு வந்து, ஒலிபரப்புக் கோபுரமும் நிறுவப்பட்ட பிறகு, உள்ளூர் மக்களே இலாப நோக்கின்றி நடத்தும் ஒரு சமுதாய வானொலி நிலையத்தார் திகைத்து நிற்பது இந்த எண்ணின் முன்னால்தான். புதிய நிலையங்கள் பல அந்தத் திகைப்பில் ஒரே தவற்றைச் செய்கின்றன: கணினியில் ஒரு பாடல் வரிசையை ஓடவிட்டு, கைக்குக் கிடைத்த நிகழ்ச்சிகளை இடையிடையே செருகுகின்றன. சில மாதங்களுக்குள் அந்த நிலையம் பக்கத்து அலைவரிசையில் இருக்கும் வணிக வானொலியின் மங்கலான நகலாகிவிடுகிறது. அசலே கிடைக்கும்போது நகலை யார் கேட்பார்கள்? பல்வகை நிகழ்ச்சிகள் கொண்ட நிரலை எப்படி அமைப்பது, அமைத்ததை எப்படிக் கலையாமல் காப்பது என்பதை, சிறிய நிலையம் ஒன்றில் நிரல் பொறுப்பில் இருந்த அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

வணிக வானொலிக்கு வேண்டியவர் காலையில் போட்ட வானொலியை இரவு வரை மாற்றாமல் கேட்கும் நேயர். விளம்பரதாரருக்கு விற்கப்படுவது அவருடைய நேரம் என்பதால், அவரை முகம் சுளிக்க வைக்கக்கூடிய எதையும் அந்த வானொலி ஒலிபரப்பத் தயங்கும். சுயேச்சையாக நடக்கும் சமுதாய வானொலிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1949 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் லூயிஸ் ஹில்லும் அவருடைய தோழர்களும் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையம் விளம்பரத்தை ஒதுக்கி, நேயர் சந்தாவை நம்பி நடந்தது. கவிதை வாசிப்பும், நாட்டுப்புற இசையும், ஒருவரையொருவர் ஏற்காதவர்களின் விவாதமும் ஒரே அலைவரிசையில் இடம்பெற அதுவே வழிசெய்தது. பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தங்கள் ஊதியத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தங்களுக்கென வானொலி நிலையங்களை நடத்தினார்கள். சியாட்டில் நகரில் 1962-ல் லொரென்சோ மைலம் தொடங்கிய கே.ஆர்.ஏ.பி. நிலையம், பிற நிலையங்கள் தொடாத தொலைதேச இசைகளையெல்லாம் தேடித் தேடி ஒலிபரப்பியது. இந்த நிலையங்களில் பல்வகைமைக்கு இடம் கொடுத்தது, பணம் வந்த வழிதான்.

ஆகவே, மூன்று மணிக்கு உங்கள் நிலையத்தைக் கேட்ட ஒருவர் நான்கு மணிக்கு அணைத்துவிட்டால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. நான்கு மணிக்கு வேறொருவர் போடுகிறாரா என்று பாருங்கள். நிரல் அமைக்கும் வேலை முழுவதும், அந்த வேறொருவர் தமக்குரிய நேரத்தை எளிதில் கண்டுபிடிக்க வழிசெய்வதுதான்.

ஆட்களின் பட்டியல்

நிரல் குழு முதன்முறை கூடும்போது பலகையில் 'இசை, செய்தி, நலவாழ்வு, சிறுவர், மகளிர்' என்று தலைப்புகளை எழுதத் தொடங்குவது வழக்கம். அந்தப் பலகையை அழித்துவிட்டு, ஒலிபரப்பு எட்டும் தொலைவுக்குள் வாழ்பவர்கள் யார் யார் என்று எழுதச் சொல்வேன். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புபவர்கள், பகல் முழுவதும் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள், பள்ளி முடிந்தபின் இரண்டு மணி நேரம் தனியாக இருக்கும் பிள்ளைகள், பெரும்பான்மை மொழி புரியாமல் புதிதாகக் குடியேறியவர்கள், பார்வை இல்லாததால் செய்தித்தாளைக் கேட்டே அறிய வேண்டியவர்கள், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்கள் காது ஓய்வாக இருக்கும் நேரத்தைக் குறியுங்கள். நேரத்தை ஊகித்து எழுதாமல் நேரில் போய்க் கேட்டு எழுதுவது முக்கியம். முதியோர் நிகழ்ச்சியைக் காலை பத்து மணிக்கு வைத்திருந்த எங்களுக்கு, அவர்களில் பலர் நான்கரை மணிக்கே விழித்து, யாரும் எழும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வெகுநாள் தெரியாது.

இந்தப் பட்டியலில் எவருக்கு வேறு எந்த வானொலியும் நேரம் ஒதுக்கவில்லையோ அவர்களிடமிருந்து நிரலைத் தொடங்குங்கள். எல்லோருக்கும் ஏற்ற நிகழ்ச்சி என்ற பெயரில் வருவது பெரும்பாலும் யாருக்கும் உரியதல்லாத நிகழ்ச்சிதான்.

உரிம நிபந்தனைகளை இந்தக் கட்டத்திலேயே ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும். அவை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் கொள்கை வழிகாட்டுதல்கள், நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் அந்தச் சமுதாயத்தினரின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்கின்றன. சமுதாய நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப அங்கே அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் சமுதாய வானொலி ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிடம் வரைதான் ஆதரவாளர் அறிவிப்புகளை (பண உதவி செய்பவர்களைப் பற்றிய அறிவிப்புகளை) ஒலிபரப்பலாம். இத்தகைய வரம்புகளை நிரல் எழுதிய பிறகு தெரிந்துகொண்டால், பாதி நிரலைத் திரும்ப எழுத நேரும்.

முதுகெலும்பும் கட்டங்களும்

வாரத் தாளில் நேரங்களை நிரப்ப இரண்டு முறைகள் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியை வைப்பது ஒன்று. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் வெவ்வேறு நிகழ்ச்சியை வைப்பது மற்றொன்று. முதலாவது பழக்கத்தை உண்டாக்கும், இரண்டாவது பல்வகைமைக்கு இடம் தரும். சமுதாய வானொலிக்கு இரண்டும் வேண்டும். எது எங்கே என்பதில்தான் தவறு நேர்கிறது.

காலையிலும் மாலையிலும் மக்கள் அவசரமாக நடமாடும் நேரத்தில் நாள்தோறும் மாறாத நிகழ்ச்சி ஒன்று இருக்கட்டும். அறிவிப்புகள், வானிலை, அன்று நடக்கும் கூட்டங்கள், காணாமற்போன பொருள்கள், நேயர் கடிதம் ஆகியவற்றோடு பழகிய ஒரு குரலும் அதில் வேண்டும். இதுவே முதுகெலும்பு. இரவு ஏழு மணிக்குப் பிறகும் வார இறுதி நாட்களிலும் கட்டங்களை, அதாவது நாளுக்கு நாள் மாறும் நிகழ்ச்சிகளுக்கான நேரங்களை, திறந்துவிடுங்கள்: செவ்வாய் எட்டு மணிக்கு நாட்டுப்புறக் கதைகள், புதன் எட்டு மணிக்குத் தொழிற்சங்க விவாதம், வியாழன் எட்டு மணிக்கு மின்னணு இசை என்று அவை எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் பாதகமில்லை. முதுகெலும்பு உறுதியாக இருக்கும் நிலையத்தில் விசித்திரமான நிகழ்ச்சியும் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல வரவேற்பு பெறும். முதுகெலும்பு இல்லாத நிலையத்தில் எல்லாமே விசித்திரமாகத் தோன்றி, நேயர் குழம்பிப்போய் விலகிவிடுவார்.

கட்டங்களுக்குரிய நிகழ்ச்சிகள் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நீண்டு, சரியாக முழு மணிக்குத் தொடங்குவது நல்லது. பதினைந்து நிமிடத் துண்டுகளை வரிசையாக அடுக்குவது தாளில் பார்க்க வளமாக இருக்கும். ஆனால் நேயருக்கு எது எப்போது என்பது நினைவில் நிற்காது. வெள்ளி இரவு ஒன்பது மணி என்பதை யாரும் மறக்கமாட்டார்கள், வெள்ளி இரவு 8.50 என்பதை நிகழ்ச்சி நடத்துபவரே மறப்பார்.

நேரத்தை மாற்றாதீர்கள் என்பதை நான் சற்று அழுத்தியே சொல்வேன். எங்கள் நிலையத்தில் கதைசொல்லும் நிகழ்ச்சி ஒன்றை, நல்ல காரணங்களுக்காகவே, ஆறு மாதத்தில் மூன்று முறை இடம் மாற்றினோம். நிகழ்ச்சி ஒவ்வொரு முறையும் மெருகேறிக்கொண்டே போக, அழைப்புகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. பிறகு கடைவீதியில் சந்தித்த ஒரு நேயர், அதை நிறுத்திவிட்டீர்களே என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நிகழ்ச்சி அப்போதும் வாரந்தோறும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

எத்தனை புதிய நிகழ்ச்சிகளைத் தாங்க முடியும் என்பதற்கு ஒரு நேர்மையான கணக்கு தேவை. நேரலையில் ஒரு மணி நேர உரையாடல் என்றால், ஆளைத் தேடுவதும் முன்னேற்பாடும் சேர்த்து நான்கு மணி நேர உழைப்பு போதும். களத்தில் ஒலிப்பதிவு செய்து, வெட்டி ஒட்டி, விவரணையுடன் அரை மணி நேர ஆவணம் ஒன்றை உருவாக்க, பழகிய கைக்கே பதினைந்து முதல் இருபது மணி நேரம் பிடிக்கும். தன்னார்வலர்களை நம்பும் நிலையம் மாதத்துக்கு ஓர் ஆவணம் என்று தொடங்கினாலே பெரிய காரியம். உழைத்துச் செய்த எந்தப் பேச்சு நிகழ்ச்சியையும் அதே வாரத்தில் வேறொரு நாளில், வேறொரு பொழுதில் இன்னொரு முறை ஒலிபரப்புங்கள். மறுஒலிபரப்பைச் சோம்பல் என்று கருதுபவர்கள், முதல் ஒலிபரப்பின்போது வேலையில் இருந்தவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நிகழ்ச்சி வடிவங்களில் சில

சிறப்பு இசை நிகழ்ச்சிதான் நடத்த எளியது, கெடுக்கவும் எளியது. தேர்ந்த இசைச் சேமிப்பு வைத்திருப்பவர் எல்லோரும் நல்ல நிகழ்ச்சியாளர் அல்லர். தாம் அறிந்ததை அறியாதவருக்குச் சொல்லும் ஆசை அவருக்கு இருக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று பாடல்களுக்குமேல் பேசாமல் போகக் கூடாது என்றும், ஒலித்து முடிந்த பாடலின் விவரத்தைத் தவறாமல் பின்னறிவிப்பில் சொல்ல வேண்டும் என்றும் நாங்கள் விதி வைத்திருந்தோம். பாதியில் கேட்கத் தொடங்கியவருக்குப் பின்னறிவிப்பு மட்டுமே துணை. ஜிம்பாப்வேயின் ம்பிரா இசையை ஒலிபரப்பிய ஓர் இரவில், ஒலிபரப்பில் இரைச்சல் கேட்கிறது, கோளாறைச் சரிசெய்யுங்கள் என்று இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். மரப்பலகையில் பொருத்திய இரும்புத் தகடுகளைக் கட்டைவிரலால் மீட்டும் அந்தக் கருவியில், கூடவே அதிர்ந்து இரைவதற்கென்றே சிப்பிகளையோ புட்டி மூடிகளையோ கட்டியிருப்பார்கள். நிகழ்ச்சியாளர் அடுத்த இடைவெளியில், "அந்த இரைச்சல் உங்கள் வானொலியின் கோளாறு அல்ல, இசையின் பகுதி, இப்போது அதை மட்டும் கவனித்துக் கேளுங்கள்" என்று சொல்லி அதே பாடலின் அரை நிமிடத்தை மீண்டும் ஒலிக்கவிட்டார். அழைத்தவர்களில் ஒருவர் திரும்ப அழைத்து, அடுத்த வாரமும் வருமா என்று கேட்டார். நிகழ்ச்சியாளருக்கு நான் தரும் பயிற்சி பெரும்பாலும் இந்த ஒரு கதைதான்.

கேள்வி பதில் நிகழ்ச்சிக்கு இலங்கையின் கொத்மலை சமூக வானொலி காட்டிய வழி இன்றும் பயன்படும். 1989-ல் தொடங்கிய அந்த நிலையம், இணையம் அரிதாக இருந்த 1990-களின் இறுதியில், நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, துறை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்டதை நேயரின் மொழியில் ஒலிபரப்பில் விளக்கியது. இப்போது தேடுபொறி எல்லோர் கையிலும் இருக்கிறது. கிடைத்த பத்து விடைகளில் எதை நம்புவது என்று சொல்லும் ஆள்தான் குறைவு. ஆகவே அந்த வடிவத்தில் தேடுவதைக் குறைத்து, விளக்குவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு நான்கு கேள்விகள் போதும். ஐந்தாவதை ஏற்றால் நான்காவதன் விடை அரைகுறையாகிவிடும்.

விவாத நிகழ்ச்சிக்கு எதிரெதிர்த் தரப்பினரைக் கூட்டி வைத்து மோதவிடுவது பழகிப்போன வழி. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கனடாவில் 1941-ல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றத்தில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி ஒலிபரப்பைக் கேட்டு, தங்களுக்குள் விவாதித்து, தங்கள் கருத்துகளை எழுதி அனுப்பினார்கள். அதைப் பின்பற்றி, முதல் வாரம் பொருளை விளக்கி ஒரு கேள்வியை விட்டுவையுங்கள். கேட்போர் குழுக்கள் அனுப்பும் குரல் பதிவுகளைக் கொண்டே இரண்டாம் வாரத்தை நடத்துங்கள். ஒலிவாங்கியைக் கண்டாலே நா எழாதவர்கள் கூட, தம் வீட்டுத் திண்ணையில் கைபேசியில் பதிவு செய்யும்போது சரளமாகப் பேசுவார்கள்.

சிறுபான்மை மொழி நிகழ்ச்சிகளுக்கு அந்த மொழியைப் பேசுபவர்களே முழுப் பொறுப்பேற்க வேண்டும். நிரல் குழுவில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது என்பதைக் காரணம் காட்டி எழுத்துப்படியை மொழிபெயர்த்துத் தரச் சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். மாறாக, அந்த மொழி அறிந்த இருவரை ஆலோசகர்களாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு ஏற்பாடு மட்டும் செய்யுங்கள்: மணிக்கு ஒருமுறை, நிகழ்ச்சியில் என்ன பேசப்படுகிறது என்பதைப் பொது மொழியில் ஒரு நிமிடம் சொல்லட்டும். எங்கோ குமிழைத் திருப்பிக்கொண்டு வந்தவர் அந்த ஒரு நிமிடத்துக்காக நின்று, இசைக்காக மேலும் பத்து நிமிடம் இருப்பார்.

சிறுவர் நிகழ்ச்சியைப் பெரியவர்கள் குழைந்த குரலில் நடத்த வேண்டாம். பிள்ளைகளிடமே ஒலிவாங்கியைக் கொடுங்கள், ஒரு பெரியவர் மிக்சருக்கு (ஒலிகளைக் கலக்கும் கருவிக்கு) பின்னால் பேசாமல் இருந்தால் போதும். நூல் வாசிப்பு, நாடகம், இயற்கை ஒலிகளின் பதிவு ஆகியவற்றுக்கு இரவு நேரமே ஏற்றது. நூலை வாசிப்பதற்கு முன் பதிப்புரிமை அனுமதியை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

சந்திகள்

பல்வகை நிரலின் பலவீனம் ஒரு நிகழ்ச்சி முடிந்து இன்னொன்று தொடங்கும் சந்தியில்தான் வெளிப்படும். ஒன்பது மணிக்குத் துக்கம் தோய்ந்த பாடல்களோடு ஒரு நிகழ்ச்சி முடிய, அடுத்த நொடியே முரசு அதிர இன்னொன்று தொடங்கினால், நேயருக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கும். அந்தக் கடைசி மூன்று நிமிடங்களை எப்படி நடத்துவது என்று சொல்கிறேன்.

57-ஆம் நிமிடத்தில் அடுத்தவர் இரண்டாவது ஒலிவாங்கியின் முன்னால் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்க வேண்டும்; அவருடைய முதல் பாடல் கணினியில் தயாராக நிற்க வேண்டும். 58-ல் வெளியேறுபவரின் கடைசிப் பாடல் முடிகிறது. அவர் பின்னறிவிப்பு செய்து, அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இன்று என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்? வருபவர் இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்கிறார். 59.20-ல் நிலையத்தின் பெயரும் அலைவரிசை எண்ணும் கொண்ட அறிவிப்பு ஒலிக்கிறது. அது ஓடும்போது வெளியேறுபவர் தம் ஃபேடரை (ஒலிவாங்கியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்கி, இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்திருக்கிறார். (அப்படிப் பார்க்காமல் எழுந்த ஒருவருடைய வீட்டு வாடகைப் புலம்பல் ஒரு முறை எங்கள் நேயர் அனைவரையும் எட்டியது. அனுதாபம் தெரிவித்து வந்த அழைப்புகள், அன்றைய நிகழ்ச்சிக்கு வந்தவற்றைவிட அதிகம்.) முழு மணியில் வருபவரின் முதல் ஒலி. அந்த ஒரு கேள்வியும் இரண்டு வாக்கியப் பதிலும், தமக்குரியதல்லாத நிகழ்ச்சியையும் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்கும்படி நேயரைத் தூண்டும்.

சந்தியில் இன்னொரு தொல்லை ஒலியின் அளவு. வீட்டில் பதிவு செய்து அனுப்பும் பேச்சு கிசுகிசுப்பாகவும், நிலையத்தில் ஒலிக்கும் இசை இடிமுழக்கமாகவும் இருந்தால், நேயர் இரண்டு முறை குமிழைத் திருப்புவார், மூன்றாம் முறை அணைத்துவிடுவார். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை, நிகழ்ச்சிகளின் சராசரி உரப்பு மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவில் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிலையம் எந்த எண்ணை ஏற்றாலும் சரி, எல்லா ஒலிக்கோப்புகளும் அந்த ஒரே எண்ணுக்குக் கொண்டுவரப்பட்ட பிறகே ஒலிபரப்புக் கணினிக்குள் நுழையட்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

ஆள் வராத நாள்

தன்னார்வலர்களுக்குக் காய்ச்சல் வரும், தேர்வு வரும், வெளியூர்ப் பயணம் வரும். எனவே எந்த நிகழ்ச்சியையும் ஒரே ஒருவரை நம்பி நிரலில் சேர்க்காதீர்கள். இருவர் பொறுப்பேற்கும்வரை அது காத்திருக்கட்டும். இதற்கு மேலும் ஒரு காப்பு வேண்டும். 'இன்று', 'நேற்று', 'வரும் ஞாயிறு' போன்ற சொற்கள் எதுவும் இடம்பெறாத பத்து நிகழ்ச்சிகளை, ஒவ்வொன்றும் 58 நிமிடமாக, முன்கூட்டியே பதிவு செய்து தனிக் கோப்புறையில் வையுங்கள். ஆள் வராத நாளில் பாடல் வரிசையை ஓடவிடுவதைவிட அவற்றுள் ஒன்றை ஒலிபரப்புவது எவ்வளவோ மேல். முப்பது நொடிகளுக்குமேல் மௌனம் நீடித்தால் கணினியே அந்தக் கோப்புறையிலிருந்து ஒன்றை எடுத்து ஒலிபரப்பும்படியும் அமைக்கலாம். ஆனால் மௌனத்தையே ஒலியாகப் பயன்படுத்தும் இசையமைப்பாளர்களை விரும்பும் நிகழ்ச்சியாளர் உங்களிடம் இருந்தால், அவருடைய நேரத்தில் மட்டும் அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைக்க மறக்க வேண்டாம்.

கணிப்பதும் முடிப்பதும்

நேயர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கச் சிறிய நிலையத்திடம் பணம் இருக்காது. தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு போதும்: எந்த நேரத்தில், எந்த நிகழ்ச்சியின்போது, எதற்காக அழைத்தார்கள், முதல் முறை அழைப்பவரா என்ற நான்கே விவரங்கள். அதில் நான் முதலில் பார்ப்பது கடைசி விவரத்தைத்தான். வாரந்தோறும் அதே பன்னிரண்டு பேர் அழைக்கும் நிகழ்ச்சியைவிட, மாதத்துக்கு மூன்றே பேர், ஆனால் மூன்று புதியவர்கள் அழைக்கும் நிகழ்ச்சி நிரலுக்கு அதிகம் வேண்டப்பட்டது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 13 வாரம் என்று தொடக்கத்திலேயே தவணை வைத்துவிடுங்கள். தவணை முடிவில் நிகழ்ச்சியாளரோடு உட்கார்ந்து ஏதேனும் ஓர் ஒலிபரப்பின் முதல் பத்து நிமிடத்தைச் சேர்ந்து கேளுங்கள். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். எந்த நிலையத்திலும் பத்து ஆண்டுகளாக ஒரே கட்டத்தில் குடியிருக்கும் ஒருவர் இருப்பார். அவருடைய நேரத்தைத் தொடுவதற்கு நிரல் குழுவில் யாருக்கும் துணிவு வராது. தவணை முறை எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், அவரிடம் பேசுவது தனிப்பட்ட தாக்குதலாகாது.

ஒரு நிகழ்ச்சி விடைபெறும்போது, அந்த நேரத்தை அடுத்துப் பெறுபவர் கடைசி ஒலிபரப்பில் விருந்தினராக வந்து, தாம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். நிகழ்ச்சி நின்றுவிடாமல் வேறு நேரத்துக்கு மாறுகிறது என்றால், அந்தச் செய்தியைப் புதிய நேரத்தில் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. முப்பது நொடி அறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்து, பழைய நாளில், பழைய நேரத்திலேயே, எட்டு வாரங்களுக்குக் குறையாமல் ஒலிபரப்புங்கள். பழைய நேயர் வானொலியைப் போடுவது அப்போதுதான்.